பேச்சும் பிணிநீக்கமும்: பேச்சுவழிச் சிகிச்சையின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உள்ளத்துயருக்கு ஆளான ஒருவர் தம் குறையைப் பிறரொருவரிடம் சொல்லி ஆறுதல் பெறுவது எல்லாச் சமூகங்களிலும் வழங்கி வந்துள்ளது. பூசாரியும் குருவும் குடும்பத்து மூத்தோரும் இப்பணியை ஆற்றி வந்தனர். ஆயினும், பேச்சையே சிகிச்சையாகக் கொண்டு, அதற்கெனத் தனித் தொழிலும் முறையும் கட்டணமும் அமைந்தமை அண்மைக்கால நிகழ்ச்சியே. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வரலாறே அதற்கு உண்டு.

இச்சிகிச்சை குறித்து இருவேறு மனப்பாங்குகள் நம்மிடையே நிலவுகின்றன. புதைந்து கிடந்த நினைவொன்று வெளிப்பட்டதும் நோய் சட்டென நீங்கிவிடும் என்று கதைகளும் திரைப்படங்களும் வளர்த்த நம்பிக்கை ஒன்று. துயரத்தின் வேர் சமூக அமைப்பில் இருக்கையில் தனிமனிதரை ஓர் அறையுள் இருத்திப் பேசவைப்பது பூர்ஷ்வா வர்க்கத்தின் ஏமாற்றே என்று முற்போக்காளர் பலர் கொண்டுள்ள கருத்து மற்றொன்று. இவ்விரண்டும் வரலாற்றைக் கருத்திற் கொள்ளாதவை. பேச்சுவழிச் சிகிச்சை எங்கே, யாருக்காக, யாருடைய செலவில் நடைபெற்றது என்பதை நோக்கும்போதே அது எவ்வாறு பயன்தருகிறது என்பதும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகும். அவ்வகை நோக்கொன்றைச் சுருக்கமாக முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வியன்னாவில் ஒரு நோயாளி

1880 ஆம் ஆண்டின் இறுதியில், வியன்னா நகரின் மதிப்புமிக்க வைத்தியரான யோசெப் புறோயர் இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தியைப் பார்வையிட அழைக்கப்பட்டார். செல்வம் மிக்க யூத தானிய வணிகர் ஒருவரின் மகள் அவர். பெயர் பேர்தா பாப்பன்ஹைம். பல மொழிகள் அறிந்தவராயினும் அவரது கல்வி பள்ளியோடு நின்றுவிட்டது. வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களை மாணவராக ஏற்கத் தொடங்கியது 1897 இலேயே. நோயுற்ற தந்தையை இரவு பகலாகப் பராமரிக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்திருந்தது. கை கால்கள் மரத்தன. பார்வை குழம்பியது. ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியே நாவில் வராது போக, ஆங்கிலத்தில் மட்டும் பேசினார்.

புறோயர் பெரும்பாலும் மாலை வேளைகளில் வந்து, அவர் சொல்வதைக் கேட்டார். சொல்லி முடித்ததும் அப்பெண் அமைதியடைவதைக் கண்டார். கோடைகாலத்தில் ஆறு வாரங்கள் வரை தண்ணீர் அருந்த இயலாதிருந்த நோயாளி, அறிதுயில் நிலையில், தமக்குத் துணையாயிருந்த ஆங்கிலப் பெண்ணின் நாய் குவளையில் நீர் குடித்ததைக் கண்டு அருவருப்புற்றதையும் மரியாதை கருதி அதனை அடக்கிக்கொண்டதையும் விவரித்தார். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கி அருந்தினார் என்று புறோயர் எழுதுகிறார். இம்முறைக்கு ஆங்கிலத்தில் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டவர் வைத்தியரல்லர், நோயாளியே. வேடிக்கையாகப் புகைபோக்கி துடைத்தல் என்றும் அதனை அழைத்தார். இத்துறையின் முதற் கலைச்சொல்லை ஒரு நோயாளி ஆக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

புறோயரும் சிக்மண்ட் பிராய்டும் இணைந்து 1895 இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள் என்னும் நூலில் இவர் அன்னா ஓ. என்ற புனைபெயரில் இடம்பெற்றார். 1882 ஆம் ஆண்டு யூன் மாதம் சிகிச்சை முடிவுற்றதென்றும், பின்னர் அவர் முழு நலம் பெற்றாரென்றும் அந்நூல் கூறுகிறது. ஆனால், வரலாற்றாசிரியர் ஹென்றி எலன்பேர்கர் 1972 இல் வெளிப்படுத்திய ஆவணங்கள் வேறொரு கதையைச் சொல்கின்றன. சிகிச்சை முடிந்த மறுமாதமே அவர் சுவிற்சர்லாந்தின் குறொய்ற்ஸ்லிங்கன் நகரிலுள்ள மனநல நிலையமொன்றில் சேர்க்கப்பட்டார். கடுமையான முகவலியும் மோர்பின் பழக்கமும் அவரை வாட்டின. 1887 வரை வேறொரு நிலையத்திலும் அவர் பலமுறை தங்க நேர்ந்தது.

இத்துறையின் தோற்றக் கதையாகப் போற்றப்படுவது அரைகுறை வெற்றியே என்பது இதனால் புலனாகிறது. பேச்சு சில துன்பங்களைத் தணித்தது. ஆயினும் முழு மனிதரையும் ஒரே வீச்சில் அது மீட்கவில்லை. பிராய்ட் அந்நூலின் இறுதியிலேயே அடக்கமான வாக்குறுதியொன்றைத்தான் அளித்தார். நோயினால் விளையும் பெருந்துன்பத்தை, எல்லோருக்கும் பொதுவான வாழ்க்கைத் துன்பமாக மாற்ற முடிந்தால் அதுவே பெரும் பயன் என்பது அவர் கருத்து. பின்வந்த விளம்பரங்கள் இவ்வடக்கத்தை மறந்தன.

பேர்தா பாப்பன்ஹைமின் பிற்கால வாழ்வு நமது கவனத்துக்குரியது. 1888 இல் பிராங்பேர்ட் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், அநாதைச் சிறுமியர் இல்லத்தில் பணியாற்றினார். மேரி வோல்ஸ்ரன்கிராஃப்ற்றின் பெண்ணுரிமை நூலை 1899 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். 1904 இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். பெண்களை விற்கும் வாணிகத்துக்கு எதிராகப் போராடினார். 1907 இல் நொய்-ஈசன்பேர்க்கில் ஆதரவற்ற பெண்களுக்கும் மணமாகாத் தாய்மாருக்கும் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வில்லத்துப் பெண்களுக்கு உளப்பகுப்பு அளிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்று அவரோடு பழகியோர் குறித்துள்ளனர். அறையுள் தொடங்கிய பேச்சு, அமைப்பிலும் இயக்கத்திலும் முழுமை பெற்றது எனலாம்.

2. செவிமடுப்போர் கற்ற பாடம்

தொடக்கத்தில் வைத்தியர்கள் அறிதுயிலையும் வற்புறுத்தலையும் நம்பினர். மேற்படி நூலில் எம்மி என்று அழைக்கப்படும் பெண், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஓயாது வினவுவதை நிறுத்தித் தாம் சொல்ல விரும்புவதைச் சொல்லவிடுமாறு பிராய்டிடம் சினந்து கேட்டார். பிராய்ட் இணங்கினார். மனதில் எழுவதைத் தெரிவு செய்யாது, வெட்கத்துக்கும் ஒழுங்குக்கும் அஞ்சாது, அவ்வாறே சொல்லும் தடையற்ற நினைவோட்ட முறை படிப்படியாக உருவாயிற்று. செவிமடுப்பவர் குறுக்கிடாது காத்திருத்தல் அதன் மறுபாதி.

காத்திருக்கத் தவறியபோது நேர்ந்தது என்ன என்பதற்கு 1900 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. டோரா என்னும் புனைபெயரால் அறியப்படும் இடா பவர், ஒஸ்திரிய மார்க்ஸியக் கோட்பாட்டாளர் ஒட்டோ பவரின் சகோதரி. தந்தை தொழிலதிபர். குடும்ப நண்பரொருவர் தம்மிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று அப்பெண் சொன்னதைத் தந்தை ஏற்கவில்லை. அந்நண்பரின் மனைவியோடு தந்தைக்கே உறவிருந்தது. மகளைச் சீர்செய்து தருமாறு கூறித் தந்தையே அவரைப் பிராய்டிடம் கொணர்ந்தார். பிராய்ட் அவர் கூற்றை நம்பினார். ஆயினும் அப்பெண் அம்மனிதரை உள்ளூரக் காதலிக்கிறாள் என்ற தமது விளக்கத்தை விடாது வலியுறுத்தினார். பதினொரு வாரங்களின் பின், ஆண்டின் கடைசி நாளில், இடா பவர் இனி வருவதில்லை என்று அறிவித்து வெளியேறினார்.

1905 இல் இந்நோயாளி பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது பிராய்ட் தமது தவறொன்றை ஒப்புக்கொண்டார். வாழ்வில் முக்கியமான பிறர்பால் கொண்ட அன்பையும் வெறுப்பையும் அச்சத்தையும் நோயாளி வைத்தியர்மேல் ஏற்றிப் பார்க்கிறார். இவ்வுணர்ச்சி இடமாற்றத்தைத் தாம் உரிய வேளையில் கவனிக்கவில்லை என்றார் அவர். இன்றைய வாசகர் இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்தவர் தந்தை, பேசியவர் மகள். யாருடைய நலனுக்காகச் செவிமடுக்கப்படுகிறது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. இடா பவரின் வெளியேற்றம் அவ்வினாவுக்கு அவர் அளித்த விடையாகும்.

3. கட்டணமற்ற நிலையங்கள்

முதலாம் உலகப்போர் இவ்வினாவைப் பேரளவில் எழுப்பியது. நடுக்கமும் ஊமைத்தன்மையும் பக்கவாதமும் கண்ட போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளை நிரப்பினர். மின்னதிர்ச்சி கொடுத்து அவர்களைப் போர்முனைக்குத் திருப்பியனுப்பும் முறை பரவலாக இருந்தது. 1918 செப்ரெம்பரில் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற உளப்பகுப்பு மாநாட்டில் ஜேர்மன், ஒஸ்திரிய, ஹங்கேரிய அரசுகளின் பிரதிநிதிகள் அமர்ந்திருந்தமைக்குக் காரணம் இதுவே. அம்மேடையிலேயே பிராய்ட் எதிர்பாராத கருத்தொன்றை முன்வைத்தார். அறுவைச் சிகிச்சைக்கு ஏழைக்குள்ள உரிமை உளச்சிகிச்சைக்கும் உண்டென்றும், உளநோயும் காசநோய் போன்று பொதுச் சுகாதாரப் பிரச்சினையே என்றும், கட்டணமற்ற நிலையங்கள் அமைய வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

வெற்றுரையாக அது முடியவில்லை. 1919 இல் பேலா குன் தலைமையிலான ஹங்கேரியச் சோவியத் குடியரசு சாண்டோர் பெரென்சியைப் பல்கலைக்கழக உளப்பகுப்புப் பேராசிரியராக நியமித்தது. அவ்வாட்சி சில மாதங்களில் வீழ்ந்ததும் அப்பதவியும் போயிற்று. 1920 பெப்ரவரியில் பேர்லினில் மக்ஸ் ஐற்றிங்கனும் ஏர்ன்ஸ்ற் சிம்மலும் பொதுச் சிகிச்சை நிலையமொன்றைத் திறந்தனர். சிம்மல் சோசலிஸ மருத்துவர் சங்கத்தின் முன்னணித் தலைவர். செலவின் பெரும்பகுதியை ஈடுசெய்தது ஐற்றிங்கன் குடும்பத்தின் விலங்குத்தோல் வாணிகச் செல்வம். நோயாளர் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர், இயலாதோர் ஒன்றும் கொடுக்கவில்லை. 1922 இல் வியன்னாவிலும் இத்தகைய நிலையம் எழுந்தது. வில்ஹெல்ம் றைக் அங்குப் பணியாற்றினார்.

பேர்லின் நிலையத்தின் பத்தாண்டு அறிக்கை 1930 இல் வெளியாயிற்று. ஆலோசனைக்கு வந்தோர் 1,955 பேர். சிகிச்சைக்கு ஏற்கப்பட்டோர் 721 பேர். அவர்களுள் 241 பேர் இடையில் நின்றனர். 117 பேர் அறிக்கைக் காலத்தில் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். முடித்த 363 பேருள் 111 பேர் குணமடைந்தோராகவும், 89 பேர் பெரிதும் தேறியோராகவும், 116 பேர் தேறியோராகவும், 47 பேர் மாற்றமற்றோராகவும் குறிக்கப்பட்டனர். சிகிச்சை அளித்தோரே தீர்மானித்த பெறுபேறுகள் இவை. ஒப்பிடுவதற்கு வேறொரு குழுவும் இருக்கவில்லை. எனினும் தோல்விகளை மறையாது எண்ணிக் காட்டிய நேர்மை பாராட்டுக்குரியது. மூன்றில் ஒரு பங்கினர் இடைநின்றமையும், பலர் தேறியமையும், சிலரில் மாற்றமில்லாமையும் இச்சிகிச்சையின் இயல்பான நிலவரத்தை அன்றே உணர்த்தின.

இம்முயற்சியை முறியடித்தது பாசிசம். 1933 இல் பிராய்டின் நூல்கள் தீயிலிடப்பட்டன. யூதரும் இடதுசாரிகளுமாகிய பகுப்பாளர்கள் நாட்டைவிட்டு ஓடினர். பேர்லின் நிறுவனம் 1936 இல் ஹேர்மன் கோறிங்கின் உறவினரான மத்தியாஸ் கோறிங்கின் தலைமையிலான நிறுவனத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அமெரிக்கா சென்றவர்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவச் சூழலில் தொழில் நடத்தினர். செல்வந்தரின் சாய்கட்டில் என்ற படிமம் அங்கேதான் நிலைபெற்றது. உளப்பகுப்பு இயல்பிலேயே செல்வந்தருக்குரியது என்று கருதுவோர் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும்.

4. கூற்றின் சமூக இயல்பு

பேச்சு ஏன் பயன்தருகிறது? அடைபட்ட உணர்ச்சி நீராவிபோல் வெளியேறுவதே காரணம் என்ற தொடக்ககால விளக்கம் போதாது. தனியறையில் சுவரைப் பார்த்துப் பேசினாலும் அது நிகழவேண்டும் அன்றோ? 1927 இல் லெனின்கிராடிலிருந்து வெளிவந்த பிராய்டியம் பற்றிய நூலில் வலன்டின் வொலோஷினொவ் இதற்கு மொழிவழி விடைக்கான திறவுகோலைத் தருகிறார். எந்தக் கூற்றும் பேசுபவருக்கு மட்டும் உரியதன்று, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உறவின் விளைவு என்பது அவர் நிலைப்பாடு. நோயாளி சொல்வது அவர் ஆழ்மனத்தின் நேர்ப்பதிவு என்று கொள்ளாது, வைத்தியருடனான அச்சமூகச் சூழலில் உருவான கூற்றாகவே அதனை அவர் கண்டார். நனவிலி எனப்படுவதை, சமூகம் வெளிப்படையாக அனுமதிக்காத நனவு என்று விளக்கினார்.

வொலோஷினொவ் இதனை உளப்பகுப்புக்கு எதிரான கண்டனமாகவே எழுதினார். ஆனால், அவரது கண்டனமே இச்சிகிச்சை பயன்தரும் வழியையும் காட்டிவிடுகிறது என்பது எமது கருத்து. சமூகம் அனுமதிக்காததைச் சொல்ல இடமளிக்கும் புதிய உறவொன்று அங்கு அமைகிறது. இதுவரை சொல்ல முடியாதிருந்தது சொல்லாகும்போது, அது இருவர் சேர்ந்து நோக்கத்தக்க பொருளாகிறது. நோக்கத்தக்கது ஆராயத்தக்கது. ஆராய்ந்ததை மாற்ற முயலலாம். இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று.

பின்வந்த ஆய்வும் இத்திசையையே சுட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜேர்ஸ் 1942 இல், ஒலிப்பதிவு செய்த முழுச் சிகிச்சை உரையாடலொன்றை எழுத்துக்கு எழுத்தாக அச்சிட்டு, மூடிய அறையைத் திறந்துவிட்டார். செவிமடுப்பவரின் உண்மைத்தன்மையும் ஏற்புணர்வும் பரிவுணர்வுமே அடிப்படை என்றார். எட்வர்ட் போர்டின் 1979 இல் இக்கூட்டுறவை மூன்றாகப் பகுத்தார்: இலக்கில் உடன்பாடு, செயலில் உடன்பாடு, ஒருவர்க்கொருவர் பற்று. எம்முறையைப் பின்பற்றினாலும் இம்மூன்றும் வலுவாயுள்ள இடத்தில் பயன் மிகுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது.

5. அளவீடும் அரசும்

1952 இல் ஹான்ஸ் ஐசென்க் இத்துறைக்குப் பேரதிர்ச்சி கொடுத்தார். உளநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் சிகிச்சையின்றியே தேறிவிடுகின்றனர் என்றும், உளச்சிகிச்சை அதனை விஞ்சியமைக்குச் சான்றில்லை என்றும் அவர் வாதிட்டார். கால்நூற்றாண்டின் பின், 1977 இல், மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் ஏறத்தாழ 375 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், சிகிச்சை பெறாதோருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரை விட நல்ல நிலையில் இருந்தார். சிகிச்சைப் பள்ளிகளுக்கிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. இதற்கிடையே, பிலடெல்பியாவில் ஆரன் பெக் 1960 களில் மனச்சோர்வுக்கான அறிகைச் சிகிச்சையை உருவாக்கினார். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் தானாக எழும் இருண்ட எண்ணங்களைக் குறித்துவைத்து, சான்றோடு சோதிக்கும் முறை அது. வாரம் ஒரு சந்திப்பும் வீட்டில் செய்யும் பயிற்சியுமாக, சில மாதங்களில் முடிவது.

குறுகிய காலம், அளக்கத்தக்க பயன் ஆகியன அரசுகளை ஈர்த்தன. இங்கிலாந்தில் 2008 இல் தொடங்கிய தேசிய பேச்சுச் சிகிச்சைத் திட்டம், கட்டணமின்றிப் பல இலட்சம் மக்களை எட்டியுள்ளது. இது சிறு சாதனையன்று. ஆயினும், பொருளியலாளர் றிச்சர்ட் லேயார்ட் அதற்காக முன்வைத்த வாதம் கவனத்துக்குரியது. குணமடைந்தோர் வேலைக்குத் திரும்புவதால் மிஞ்சும் அரசு உதவிப்பணமும் கிடைக்கும் வரியும் செலவை ஈடுசெய்யும் என்றார் அவர். 1918 இல் போர்முனைக்குத் திருப்பியனுப்புதல், 2008 இல் உழைப்புச் சந்தைக்குத் திருப்பியனுப்புதல். சிகிச்சை மனிதரை எங்கே திருப்பியனுப்புகிறது என்ற வினா நம்மை விடவில்லை.

மாற்றுவழி ஒன்றைச் சிம்பாப்வே காட்டுகிறது. 2005 இல் அரசு நடத்திய குடியிருப்பு அழிப்பில் பாதிக்கப்பட்ட ஹராரேயின் ம்பாரேப் பகுதியில், உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இல் பதினான்கு முதிய பெண்களுக்குப் பயிற்சியளித்தார். சுகாதார நிலைய வளவில் இடப்பட்ட மரவாங்கே சிகிச்சை இடம். அளவுக்கு மீறி யோசித்தல் என்னும் பொருள்தரும் ஷோனா மொழிச் சொல்லாலேயே நோயைக் குறித்தனர். ஆறு சந்திப்புகளில், துயருக்குக் காரணமான பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தெரிந்து, தீர்வை நாடச் செய்தனர். பின்னர் அவர்கள் பெண்கள் வட்டங்களில் சேர்ந்து கைவேலை செய்தனர். 573 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. வழமையான கவனிப்புப் பெற்றோரைவிட இவர்களின் நோய்க்குறிகள் ஆறு மாதங்களின் பின் தெளிவாகக் குறைந்திருந்தன. பேச்சு அங்கே தனிமனிதரைக் கூட்டு வாழ்வுக்குத் திருப்பியனுப்புகிறது.

6. எதிர்பார்க்கத்தக்கவை

இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடங்களைத் தொகுத்து நோக்கலாம். முதற் சந்திப்பில் அற்புதம் நிகழாது. வந்த காரணத்தையும் வாழ்வின் சூழலையும் அறிவதற்கே அது போதும். துயரைச் சொல்லத் தொடங்கியபின் சிலகாலம் நிலைமை மோசமாவதுபோல் தோன்றுவதும் உண்டு. வைத்தியர்மேல் காரணமற்ற சினமோ பற்றோ எழலாம். அதனை மறையாது அவரிடமே சொல்வது சிகிச்சையின் பகுதி. இரகசியம் எவ்வளவு காக்கப்படும், எந்நிலையில் காக்கப்படாது, எத்தனை சந்திப்பு, என்ன இலக்கு, என்ன கட்டணம் என்று தொடக்கத்திலேயே கேட்பது நாடி வருபவரின் உரிமை. சில வாரங்களாகியும் தாம் செவிமடுக்கப்படவில்லை என்று உணர்பவர், அதனை எடுத்துரைக்கலாம், வேறொருவரை நாடலாம். இடா பவர் செய்தது அதுவே. சிறு தொகையினருக்குச் சிகிச்சையால் நிலை மோசமாவதும் உண்டு. கடும் மனநோய்க்கும் உயிர்மாய்ப்பு எண்ணத்துக்கும் பேச்சு மட்டும் போதாது. உளமருத்துவரின் உடனடி உதவியும் தேவைக்கேற்ப மருந்தும் வேண்டும்.

நமது நாட்டு அனுபவமும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனித வடுவோடு குடும்பமும் ஊரும் சமூக நம்பிக்கையும் சிதைந்தமையைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். காணாமற்போன மகனைத் தேடும் தாயின் துயரை நோயென்று மட்டும் பெயரிட்டுச் சந்திப்புகளால் தீர்த்துவிட முடியாது. அவருக்கு நீதியும் உண்மையும் வேண்டும். ஆனால், நீதி வரும்வரை அவர் உறக்கமின்றித் தனித்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எந்த முற்போக்காளருக்கும் இல்லை. சமூகம் மாறிய பின் துயர் தானே நீங்கும் என்று காத்திருப்போர், இன்று துயருறும் மனிதரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றனர். துயரால் முடங்கியவரே மாற்றத்தை ஆக்கவேண்டியவர் என்பதையும் அவர்கள் மறக்கின்றனர்.

பேச்சு வீட்டு வாடகையைக் குறைப்பதில்லை. அடிக்கும் கணவனைத் திருத்துவதில்லை. இறந்தோரை மீட்பதில்லை. அவற்றின் முன் மனிதர் ஊமையாகி நிற்கும் நிலையை அது மாற்றக்கூடும். எனவே, சிகிச்சையைப் புறக்கணிப்பதைவிட, அது எல்லோருக்கும் கட்டணமின்றி, அவரவர் தாய்மொழியில், பேசுபவரின் நலனுக்காகவே கிடைக்க வேண்டுமென்று கோருவதே முற்போக்காளரின் கடமையாகும். புடாபெஸ்ட் நகரில் 1918 இல் எழுந்த அக்கோரிக்கை இன்னும் நிறைவேறாதிருக்கிறது.